வயதான தொட்டி ஆமைக்கு உடம்பு சரியில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை ஓடும் ரெட் இயர்ட் ஸ்லைடர் ஆமைக்கான வழிமுறை இது. மீன் தொட்டிக் கடைகளில் பச்சைக் குஞ்சாக விற்பது இதைத்தான். வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்தால் பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வரும், ஆண் அதைவிடச் சிறியது. பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. ஒழுங்காக வளர்த்தால் 20, 30 வருடம் இருக்கும். பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிய ஆமையை, அந்தப் பிள்ளை வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பிறகு அத்தாவும் அம்மாவும் பார்த்துக்கொள்ளும் வீடுகள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் கீழக்கரை, தொண்டிப் பக்கம் உண்டு. இந்தக் குறிப்பு முக்கியமாக அவர்களுக்குத்தான்.

15 வயதைத் தாண்டிய ஆமை நோயைச் சட்டென்று காட்டாது. உள்ளே சிறுநீரகமோ நுரையீரலோ கெட்டுப்போய் வாரக்கணக்கான பிறகுதான் நமக்குத் தெரியும். தேறுவதும் அதே வேகத்தில்தான். அதனால் ஒரு நாளில் நாலு மருந்து மாற்றிப் பயனில்லை. எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சந்தேகம் தண்ணீர், சூடு, சாப்பாடு மூன்றின் மேல் விழட்டும். ஆமையின் உடல் சூடு வெளியிலிருந்து வருவது. சூடு போதாத ஆமைக்குச் செரிமானமும் நடக்காது, எதிர்ப்புச் சக்தியும் இருக்காது, போட்ட ஊசியும் வேலை செய்யாது.

காத்திருக்கக் கூடாதவை

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, பின்புறத் துவாரத்தில் சதை தள்ளி உள்ளே போகாமல் நிற்பது, அடி ஓட்டின் அடியில் ரத்தச் சிவப்புப் படர்வது, வலிப்பு, நாய் கடித்து ஓடு உடைவது. இவற்றில் எது இருந்தாலும் கீழே உள்ளதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஈரத் துண்டு விரித்த டப்பாவில் வைத்து மருத்துவரிடம் கிளம்புங்கள்.

முதலில் அளந்துவிடுங்கள்

தண்ணீரின் சூடு: நல்ல நிலையில் உள்ள பெரிய ஆமைக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ், நோய்ப்பட்டதற்கு 28, 29. கையை விட்டுப் பார்த்து வெதுவெதுப்பு என்று சொல்வது அளவு அல்ல. மீன் தொட்டிக்கு விற்கும் கண்ணாடித் தெர்மாமீட்டர் போதும். இந்தக் கரையில் வருடத்தில் பெரும்பகுதி ஹீட்டர் தேவைப்படாது. ஆனால் மார்கழி, தையில் வாடைக்காற்று வீசும் இரவுகளில் ஜன்னலோரத் தொட்டி 24-க்குக் கீழே இறங்கலாம். இளம் ஆமை தாங்கும், கிழ ஆமைக்குச் சளி பிடிக்கும். சித்திரை, வைகாசியில் பிரச்சினை நேர்மாறு. மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டியில் வைத்தால் நண்பகலுக்குள் தண்ணீர் 35-ஐத் தாண்டிவிடும், 40-ஐ நெருங்கினால் ஆமை செத்துப்போகும். தொட்டிக்குப் பாதி நிழல் கட்டாயம்.

காயும் மேடையின் சூடு: ஆமை ஏறிக் காயும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி இருக்க வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கும், அதையே பயன்படுத்தலாம். ஒன்று கவனம்: உடல், பரப்பு என்று அதில் இரண்டு முறை இருக்கும். உடல் முறையில் வைத்தால் அது மனித உடம்புக்கு ஏற்ற மாதிரி கூட்டிச் சொல்லும். பரப்பு முறைக்கு மாற்றிவிட்டு, ஆமையின் ஓடு வரும் உயரத்தில் அளக்கவும். 50 வாட் ஹாலஜன் பல்பை ஒரு அடி உயரத்தில் வைத்து ஆரம்பித்து, அளவு பார்த்து ஏற்றி இறக்குங்கள்.

உப்பு: போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறதென்றால் அது வயதான ஆமையின் சிறுநீரகத்துக்கு வேண்டாம். இந்த ஆமை கொஞ்சம் உப்பைத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் தாங்குவது வேறு, அதிலேயே கிடப்பது வேறு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் ஊற்றுவார்கள். அது மூல நீரைவிட உப்பு கூடியது, நிறுத்துங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்து ஊற்றலாம். மாடியில் பிடித்த மழைநீர் இன்னும் நல்லது, முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள். கரையோரக் கூரையில் படிந்த உப்பெல்லாம் அதில்தான் இறங்கும்.

எடை: சமையலறைத் தராசில் ஒரு தட்டை வைத்து, வாரம் ஒரு நாள், சாப்பாட்டுக்கு முன். நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வேறு அறிகுறியே இல்லாவிட்டாலும் நோய்தான். கூடினால் மகிழ்ச்சி அடையவும் வேண்டாம். முட்டை சேர்ந்தாலும் உடம்பில் நீர் கோத்தாலும் எடை ஏறும்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது, முங்க முடியவில்லை

வயதான ஆமையில் அதிகம் பயப்பட வேண்டிய அறிகுறி இது. இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வயிற்றில் வாயு என்றால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு மிதக்கும், ஆனால் சுறுசுறுப்பு இருக்கும், தீனியைப் பார்த்தால் வரும், மூக்கில் நுரை இருக்காது. பெரும்பாலும் முந்தின நாள்களில் மலம் போகாமல் இருந்திருக்கும், அல்லது கூழாங்கல்லை விழுங்கியிருக்கும். தண்ணீரை 28-க்கு ஏற்றி, கைப்பிடி உயரத் தண்ணீரில் தினம் இரண்டு வேளை அரை மணி நேரம் நடமாட விடுங்கள். மூன்று நாளில் மலம் போகாவிட்டால் எக்ஸ்ரே.

நிமோனியா என்றால் ஒரு தோள் தாழ்ந்து மறுதோள் உயரும். நீர் கோத்த நுரையீரல் பக்கம்தான் தாழும். மூக்கில் குமிழ், கழுத்தை நீட்டி நீட்டி மூச்சு, சில நேரம் மெல்லிய விசில் சத்தம், தீனி வெறுப்பு. காரணம் பெரும்பாலும் சூடு குறைந்த மேடை, ஈரத்தோடு கிடக்கும் ஆமையின் மேல் நேராக அடிக்கும் மின்விசிறி அல்லது ஏசி காற்று. வைட்டமின் ஏ நீண்ட நாள் இல்லாமல் போனாலும் மூச்சுக்குழாயின் உள்தோல் கெட்டு இதே நிலை வரும்.

அன்றே செய்ய வேண்டியது:

1. தண்ணீரைக் குறையுங்கள். ஆமை நான்கு காலையும் தரையில் ஊன்றிக் கழுத்தை நீட்டினால் மூக்கு வெளியே வர வேண்டும். மூச்சுத் திணறும் கிழ ஆமை தன் தொட்டியிலேயே மூழ்கிச் சாகும்.

2. இரவும் பகலும் 28, 29 டிகிரி. தண்ணீர் ஆழம் குறைவு என்பதால் ஹீட்டரைப் படுக்கவைத்து, முழுவதும் மூழ்கும்படி, துளை போட்ட பி.வி.சி. குழாய்க்குள் செருகுங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு வாட் கணக்கு. தண்ணீர் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் ஆறவிடவில்லை என்றால் கண்ணாடி வெடிக்கும்.

3. மேடைச் சூடு 33-க்கும் 35-க்கும் நடுவில். ஏற முடியாவிட்டால் பகலில் காய்ந்த டப்பாவில் பல்புக்குக் கீழே சில மணி நேரம் வையுங்கள். டப்பாவின் பாதி நிழலாக இருக்கட்டும், சூடு தாளாவிட்டால் அது நகர இடம் வேண்டும்.

4. இரண்டு நாளுக்குள் மருத்துவர். வீட்டில் இருக்கும் மனித ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்குவது வேலைக்காகாது. எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

மின்சாரம் போனால் இரண்டு லிட்டர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றித் தொட்டிக்குள் இறக்குங்கள். புயல் எச்சரிக்கை வந்த நாளில் பிளாஸ்கில் வெந்நீரைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால் அப்படியே திரும்பப் போட வேண்டாம். உள்ளே காற்றில்லாமல் அழுகிய தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் கொட்டும். திறந்து, அந்தத் தண்ணீரை வீசிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் பிறகு ஓட்டுங்கள்.

கண் வீங்கி மூடிக்கொண்டது

முதலில் தண்ணீரை மாற்றுங்கள். அழுக்குத் தண்ணீரின் அம்மோனியா எரிச்சல் என்றால் சுத்தமான தண்ணீரில் இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடியத் தொடங்கும். ஓட்டு நீளத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 15 லிட்டர் என்பது கணக்கு. 25 சென்டிமீட்டர் ஆமையை 60 லிட்டர் தொட்டியில் வைத்துக்கொண்டு கண்ணுக்குச் சொட்டு மருந்து தேடுவதில் அர்த்தமில்லை. தொட்டி சின்னதுதான், வேறு வழியில்லை என்றால் வாரம் இரண்டு முறை பாதித் தண்ணீர் மாற்றுங்கள்.

மாற்றியும் வடியவில்லை, இரண்டு கண்ணும் ஒரே மாதிரி பொம்மென்று இருக்கிறது, வருடக்கணக்கில் காய்ந்த இறால் மட்டுமே தீனி என்றால் வைட்டமின் ஏ பற்றாக்குறை. கடை டப்பாவில் வரும் அந்தச் சிவப்பு இறால் வெறும் கொறிப்பு, அதில் உடம்புக்கு வேண்டியது எதுவும் பெரிதாக இல்லை. கண் தெரியாததால் சாப்பிடாது, சாப்பிடாததால் கண் திறக்காது என்று சுற்றிக்கொண்டே போகும். தீனி மாற்றம் மெதுவாகப் பலன் தரும்: நல்ல ஆமை பெல்லட் (கடையில் விற்கும் உருண்டைத் தீனி), துருவிய கேரட், மஞ்சள் பூசணி, முருங்கைக்கீரை. மீன் எண்ணெய் மாத்திரையை உடைத்து வாயில் ஊற்றுவது, வைட்டமின் ஏ ஊசியைத் தாமாகப் போடச் சொல்வது இரண்டும் வேண்டாம். அளவு மீறினால் தோல் உரிந்து புண்ணாகும், அது முதல் நோயைவிட மோசம்.

கண்ணுக்குப் பின்னால், காது இருக்கும் இடத்தில் கோலிக்குண்டு மாதிரி புடைப்பு இருந்தால் அது காதுச் சீழ்க்கட்டி. ஆமையின் சீழ் நம்முடையதுபோல் நீராக வடியாது, பால் பனீர்க் கட்டிபோல் இறுகிக் கிடக்கும். அதனால் பிதுக்கினாலும் வராது, மாத்திரையிலும் கரையாது. மயக்கம் கொடுத்துக் கீறி எடுக்க வேண்டும்.

கண் திறந்துதான் இருக்கிறது, கருமணி மட்டும் பால்போல் வெளுத்திருக்கிறதா? கண்புரையாக இருக்கலாம். அதோடு வாழும். தொட்டியில் எதையும் இடம் மாற்றாதீர்கள். தினமும் ஒரே மூலையில், தண்ணீரை விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தீனி போடுங்கள். பழகிக்கொள்ளும்.

சாப்பிடவில்லை

வளர்ந்த ஆமை நாலைந்து நாள் சாப்பிடாமல் இருந்தால் அது ஒன்றுமில்லை. வயதானதற்குத் தினம் இரை தேவையும் இல்லை. மீன், பெல்லட் போன்றவை வாரம் இரண்டு மூன்று நாள், அதன் தலை அளவு. மற்ற நாள்களில் கீரையும் நீர்ச்செடியும். பத்து நாள் தாண்டினாலோ, எடை இறங்கினாலோ தேட வேண்டும்: சூடு குறைவா, மலம் போகிறதா, வாய்க்குள் மஞ்சள் படிவு இருக்கிறதா, பெண் என்றால் முட்டையா.

மாடு, கோழிக்கு அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியை வளர்க்கும் வீடு பக்கத்தில் இருந்தால் அதைவிட நல்ல பச்சைத் தீனி கிடையாது. ஒரு கை அள்ளித் தொட்டியில் போட்டால் நாள் முழுக்க மேயும். பாலக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை அடிக்கடி வேண்டாம். அவற்றின் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மீன் விஷயத்தில் கரையோர வீடுகளில் ஒரு தப்பு நடக்கும். தெருவுக்கு வரும் சாளையும் நெத்திலியும் மலிவு, ஆமையும் ஆவலாகத் தின்னும், அதனால் வருடம் முழுக்க அதுவே. இந்த மீன்களில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. பச்சையாகவே தொடர்ந்து கொடுத்தால் நடுக்கம், தலை கோணுதல், கால் இழுத்தல் என்று நரம்பில் காட்டும். ஆவியில் வேகவைத்தால் நொதி அழிந்துவிடும். அப்படியும் எப்போதாவது கொடுக்கும் தீனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு முள்ளோடு கிடைத்தால் அது மேல். கருவாடு, கூனிப்பொடி, உப்புக்கண்டம் எதுவும் வேண்டாம்.

அலகு வளைந்து கீழே இறங்கிக் கடிக்க முடியாமலும் பட்டினி கிடக்கும். இதற்கு மருந்து கடற்கரையிலேயே கிடக்கிறது: கணவாய் ஓடு. நல்ல வெள்ளை ஓடாகப் பொறுக்கி, மண் போகத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறவையுங்கள், தினம் தண்ணீர் மாற்றி. பிறகு வெயிலில் காயவைத்து, நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கக் கூடாது. முதுகுப் பக்கம் கண்ணாடிபோல் இருக்கும் கெட்டித் தகட்டைக் கத்தியால் பெயர்த்துவிட்டு, மாவாக உதிரும் பக்கத்தை மட்டும் மிதக்க விடுங்கள். கொறிக்கக் கொறிக்க அலகும் தேயும், கால்சியமும் கிடைக்கும். ஏற்கெனவே மிக நீண்டுவிட்ட அலகை மருத்துவர்தான் தேய்த்துச் சரி செய்ய வேண்டும், நகவெட்டி போட்டால் பிளந்துவிடும்.

ஓட்டில் வெள்ளை, குழி, நாற்றம்

காய்ந்தால் வெள்ளையாகத் தெரிந்து நனைந்தால் மறையும் படிவு, தண்ணீரின் உப்பு. மருந்து வேண்டாம், தண்ணீரை மாற்றுங்கள். கண்ணாடிக் காகிதம்போல் மெல்லிய செதில் தானே கழன்று வருவது வளர்ச்சியின் ஒரு பகுதி. உரித்துவிடக் கை நமநமக்கும், விட்டுவிடுங்கள்.

நகத்தால் அழுத்தினால் உள்வாங்குகிறது, குழி விழுந்திருக்கிறது, முகர்ந்தால் அழுகல் வாடை என்றால் ஓட்டழுகல். மென்மையான பல் துலக்கியால் குழியைச் சுத்தம் செய்து, பொவிடோன் அயோடினை ஒன்றுக்குப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, நிறம் பால் கலக்காத தேநீர் அளவில், பஞ்சால் ஒற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். காய்ந்ததும் தீக்காயத்துக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு, மெல்லிய பூச்சு. தினமும் ஒரு வேளை. மற்ற நேரம் உலர்ந்த டப்பாவில் துண்டு விரித்து வையுங்கள், ஆனால் தினம் ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரில் விட்டாக வேண்டும். இந்த ஆமை தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்கும். மருந்து போட்டு ஒரு மணி நேரம் கழித்தல்ல, மருந்து போடும் முன் தண்ணீர் முறையை முடித்துவிடுங்கள். எலும்பு தெரிந்தாலோ, அடி ஓட்டில் சிவப்புப் படர்ந்தாலோ ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம், வீட்டு வைத்தியம் அதோடு முடிந்தது.

ஓடு முழுக்க ரப்பர் மாதிரி அமுங்குகிறது என்றால் அது வேறு. கால்சியமும் புற ஊதாக் கதிரும் இல்லாத வளர்ப்பு, அல்லது வயதான ஆமையில் சிறுநீரகக் கோளாறு. கால் மடிப்புகளில் சதை பொதபொதவென்று நீர் கோத்து நிற்பதும், மூட்டு வீங்குவதும் சேர்ந்தால் சிறுநீரகம்தான் முதல் சந்தேகம், ரத்தப் பரிசோதனை வேண்டும். புற ஊதா விளக்குக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் வாசலைப் பாருங்கள். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்குள் இருபது, முப்பது நிமிட நேரடி வெயில், வாரம் நான்கைந்து நாள். கண்ணாடி வழியே வரும் வெயிலில் சூடு மட்டும்தான் வரும். பக்கத்தில் நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும், ஆளும் இருக்க வேண்டும். காக்கையும் நாயும் பார்த்துக்கொண்டிருக்கும்.

மேடை ஏற முடியவில்லை, பின்னங்கால் இழுக்கிறது

மூட்டுத் தேய்மானம், பி1 குறைவு, உள்ளே பெரிய முட்டை அல்லது கல் அழுத்துவது, எல்லாம் இப்படித்தான் தெரியும். எக்ஸ்ரே எடுக்காமல் பிரிக்க முடியாது. அதுவரை சரிவைக் குறையுங்கள்: செங்குத்தான பிளாஸ்டிக் மேடையை எடுத்துவிட்டு, ஒரு முழம் நீளப் பலகையை நீருக்குள்ளிருந்து சாய்வாக வையுங்கள். பிடிப்புக்குச் செயற்கைப் புல் விரிப்பை இறுக்கி ஒட்டலாம். தேங்காய் நார் விரிப்பு நல்ல பிடிப்புத் தரும், ஆனால் நார் பிரிந்து கழுத்திலும் காலிலும் சுற்றும், வேண்டாம்.

மூழ்கிக் கிடப்பதைப் பார்த்தால் செத்துவிட்டது என்று தீர்மானிக்காதீர்கள். தலை கீழாக வரும்படி பிடித்துக் கழுத்தை மெல்ல நீட்டினால் தண்ணீர் வடியும். வடிந்ததும் வயிறு தரையில் படும்படி வைத்து, முன்னங்கால் இரண்டையும் முன்னால் இழுப்பது, உள்ளே தள்ளுவது என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நுரையீரல் அதில் சுருங்கி விரியும். மல்லாக்கப் போட வேண்டாம்.

பெண் ஆமை மூலையைப் பறண்டிக்கொண்டே இருக்கிறது

ஆண் இல்லாவிட்டாலும் முட்டை வைக்கும், குஞ்சு பொரிக்காது அவ்வளவுதான். தண்ணீரில் முட்டையை விடுவதைவிட அடக்கிக்கொண்டு சாவது அதிகம் பயப்பட வேண்டியது. ஆமை உள்ளே திரும்பும் அளவு பெட்டியில் ஒரு அடி ஆழத்துக்கு ஆற்று மணலும் செம்மண்ணும் பாதிப் பாதி, கையில் பிடித்தால் கட்டியாக நிற்கும் ஈரத்தில் நிரப்புங்கள். கடல் மணல்தான் கிடைக்கும் என்றால் உப்புப் போக நாலைந்து முறை அலசுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடம், லேசான சூடு. இரண்டு நாள் விட்டும் தோண்டாமல் சோர்ந்து போனால் எக்ஸ்ரே. கால்சியமும் ஆக்சிடோசினும் கொடுத்து வெளியே கொண்டுவரலாம், முட்டை பெரிதாகவோ கோணலாகவோ இருந்தால் அறுவை.

பின்புறம் கறுப்பாக ஏதோ வெளியே வருகிறது

ஆணின் உறுப்பு கருநீலமாக, பூப்போல விரிந்திருக்கும். தண்ணீரில் வெளியே நீட்டிச் சில நிமிடத்தில் உள்ளே இழுத்துக்கொண்டால் இயல்புதான், பயந்து தொட வேண்டாம். அரை மணி ஆகியும் போகாமல் வீங்கினால் தனியே பிரித்துவிடுங்கள். கூட இருக்கும் ஆமையோ மீனோ கடித்துக் குதறிவிடும். சுத்தமான தண்ணீரில் கழுவி, சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றினால் வீக்கம் கொஞ்சம் வற்றும். ஈரத் துணி சுற்றி அன்றே மருத்துவரிடம். நீங்களே உள்ளே தள்ளாதீர்கள்.

நிறம் கறுத்துவிட்டது, சிவப்புப் பட்டை மங்கிவிட்டது

வயதான ஆண் கறுக்கும். நோயில்லை.

மருத்துவரிடம் போகும்போது

நம் மாவட்டத்தில் ஆமையைத் தினமும் பார்க்கும் மருத்துவர் கிடைப்பது கஷ்டம், கால்நடை மருத்துவமனையில் ஆடும் மாடும் நாயும்தான் வரிசையில் நிற்கும். திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் சென்னை வேப்பேரியில் உள்ள கல்லூரியும் பெரிய இடங்கள், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பக்கத்து மருத்துவரிடமே காட்டுவதானாலும் இவற்றைப் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

ஐவர்மெக்டின் கூடவே கூடாது. ஆட்டுக்கும் நாய்க்கும் பூச்சி, உண்ணிக்குச் சாதாரணமாகப் போடும் மருந்து, ஆமைக்கு நஞ்சு, உடம்பு செயலிழந்து செத்துப்போகும். ஊசி முன்னங்கால் பக்கத்தில் போடுவதே வழக்கம். பின்பாதி ரத்தம் முதலில் சிறுநீரகத்துக்குள் போவதால் அங்கே போட்டால் மருந்து கழிந்துவிடலாம், சிறுநீரகத்துக்கும் கேடு. செஃப்டாசிடிம் போன்ற ஆன்டிபயாட்டிக் ஊசிகள் ஆமைக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை போடுவது உண்டு. தினம் போடவில்லையே என்று நீங்கள் பதற வேண்டாம், இடையில் நிறுத்தவும் வேண்டாம். எக்ஸ்ரே நுரையீரலுக்கு என்றால் மேலிருந்து எடுத்த ஒரு படம் போதாது, பக்கவாட்டிலும் நேர் முன்னிருந்தும் வேண்டும்.

கொண்டுபோக வேண்டியது: எடை எழுதிய நோட்டு, தொட்டியின் படம், தீனி டப்பா, கிடைத்தால் புது மலம் ஒரு சின்னப் புட்டியில். ஆமையைத் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள், பேருந்து குலுங்கும்போது பலவீனமான ஆமை அதிலேயே மூச்சு முட்டும். துளை போட்ட டப்பாவில் ஈரத் துண்டு, ஏசி காற்று நேரே படாமல்.

தொட்டியைக் கழுவும் வாளியும் துலக்கியும் சமையலறைக்கு வரக் கூடாது. ஆமையின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி சாதாரணமாக இருக்கும், ஆமைக்கு ஒன்றும் செய்யாது, நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆமைக் குஞ்சுகளை விற்பதை அமெரிக்கா 1975-இலேயே தடை செய்தது இதனால்தான். ஊசி போட, களிம்பு பூச என்று அடிக்கடி தொடும் நாள்களில் கையை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் உடம்பு முடியாத பெரியவர்களையும் தள்ளி வையுங்கள்.

இனி பார்த்துக்கொள்ள முடியாது, அல்லது தேறாது

ஊருணியிலோ கண்மாயிலோ விட்டுவிடலாம் என்று தோன்றும், ஆமை புகுந்த வீடு என்று பழமொழி சொல்லிக் கிளப்பிவிடவும் ஆள் இருப்பார்கள். விடாதீர்கள். உலகின் மிக மோசமான நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. நம் கண்மாய் ஆமையின் இரையையும் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், நோயையும் பரப்பும். வளர்க்கத் தெரிந்த வேறு வீட்டில் கொடுங்கள். வீட்டில் இருப்பது சிவப்புப் பட்டை ஆமை இல்லை, கண்மாயில் பிடித்த நம் ஊர் ஆமையோ நட்சத்திர ஆமையோ என்றால் அதை வைத்திருப்பதே குற்றம், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

சிறுநீரகம் முற்றிலும் கெட்டு, நீர் கோத்து, ஊசிக்கும் அசையாத நிலை வந்தால் மருத்துவரிடம் வலியில்லாத முடிவைப் பற்றிக் கேட்கலாம். முதலில் மயக்கம், பிறகு ஊசி. ஃபிரீசரில் வைப்பது தூக்கம்போல் இருக்கும் என்று சொல்வதை நம்பாதீர்கள். ஆமையின் மூளை ஆக்சிஜன் குறைவை நீண்ட நேரம் தாங்கும், அதனால் அது வேதனையில் நீளும். இதயமும் வெகு நேரம் துடிக்கும் என்பதால் இறப்பை மருத்துவரே உறுதி செய்யட்டும். கிணறு, போரிலிருந்து தள்ளி, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.

அந்தத் தொட்டியில் வேறு ஆமையோ மீனோ விடுவதாக இருந்தால் ஃபில்டர் பஞ்சு, மரக்கட்டை, கூழாங்கல் எல்லாவற்றையும் வீசிவிடுங்கள். தொட்டியைச் சோப்பில் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் நிரப்பி வைத்து, வாடை போகும்வரை அலசி, இரண்டு நாள் முழு வெயிலில் காயப் போடுங்கள்.